பச்சை மொசைக்கில் ஆறு தடங்கள்

திங்கட்கிழமை வந்த டைல்ஸ்காரர் முதலில் ஹாலை டேப் வைத்து அளந்தார். பிறகு குத்தவைத்து, விரல் முட்டியால் தரையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு செல்வியிடம் ஒரு செம்பு தண்ணீர் கேட்டார்.

“குடிக்கவாண்ணே?”

“இல்லம்மா, வாட்டம் பார்க்கணும். தண்ணி எங்கிட்டு ஓடுதுன்னு பார்த்தாத்தான் மேலயே ஒட்டலாமா, உடைச்சு எடுக்கணுமான்னு சொல்ல முடியும்.”

செல்வி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஊற்றினார். தண்ணீர் அடுப்படிப் பக்கமிருந்து வாசலைப் பார்த்து ஓடியது. பழைய துணியால் துடைத்துவிட்டு எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபேன் காற்றில் தரை கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தது. ஆறு இடம் மட்டும் காயவில்லை.

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “என்னம்மா இது, யாரோ ஓடியிருக்காக.”

“அது ஒட்டுண்ணே” என்று செல்வி சிரித்தாள். “தரை போட்ட மேஸ்திரி சரியில்லைன்னு அம்மா சொல்லும்.”

“ஒட்டு சரிதாம்மா. ஒட்டுக்கு அடியில கால் இருக்கே. முன்பாதம் மட்டும் பாருங்க, குதிங்காலே இல்ல. நடந்தா குதிங்கால்தான் முதல்ல பதியும். இது ஓடுன கால்.”

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அப்படியாம்மா?”

நான் காபி டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக நான் கட்டிக்காத்த பொய்யை, முன்னே பின்னே தெரியாத ஒரு மனுசர் ஒரு செம்புத் தண்ணீரில் கழுவிவிட்டார்.

கடலைமிட்டாய்த் தரை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்கு இரண்டு வரி. நான் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற கம்பெனி ஒன்றில் பிழை திருத்தும் வேலை பார்த்து ஓய்ந்தவள். ராகுகாலத்தில் ஒரு எழுத்துப் பிசகினால் முதலாளி வீட்டுக்கு ஊரெல்லாம் போன் வரும். அதனால் கண்ணும் கூர்மை, வாயும் கூர்மை. கண்ணை வைத்துச் சம்பாதித்தேன். வாயை வைத்து என்ன செய்தேன் என்பதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குக் குழந்தை இல்லை. செல்வி என் தங்கை மாரித்தாயின் மகள். மூன்று வயசில் என் மடிக்கு வந்தவள், இப்போது விருதுநகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்து போகிற வீடு, ஹால் இப்படி ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறதே என்று அவள்தான் டைல்ஸ்காரரைக் கூட்டி வந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஒட்டு ஒட்டுதானே.

மொசைக் தரை மேல் எனக்கு இருந்தது ஆசை இல்லை, வெறி. அது சின்ன வயசில் பிடித்தது.

எங்கள் அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போனவர்கள். மழை ஏமாற்றிய வருஷங்களில் அம்மா சிவகாசியில் ஓர் அச்சாபீஸ்காரர் வீட்டில் தரை துடைக்கப் போவாள். நானும் மாரியும் கூடவே போய், வராந்தாவில் ஒரு ஓரமாக உட்கார வேண்டும். அசையக் கூடாது. அந்த வராந்தாவில்தான் முதன்முதலில் மொசைக் பார்த்தேன். பழுப்புத் தரை, உள்ளே வெள்ளையும் சிவப்பும் கறுப்புமாகக் கல் சில்லு. எங்கள் வீட்டில் சாணி மெழுகிய தரை. தரைக்குள்ளே இத்தனை இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மாரிக்கு அப்போது நாலு வயசு இருக்கும். ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், குனிந்து நாக்கால் நக்கிப் பார்த்தாள்.

“ஏ, என்ன செய்யுத?” என்றேன்.

“கடலைமிட்டாய்க்கா. ஆனா இனிக்கலை.”

அம்மா ஈரத்துணியோடு வந்து எனக்கு ஒரு அறை கொடுத்தாள். “அவ சின்னப்பிள்ள. நீ பார்த்துக்கிட மாட்டியா?”

நக்கினது அவள், அடி எனக்கு. அன்றைக்கு முடிவு செய்தேன், நான் வீடு கட்டினால் இந்தத் தரைதான் என்று.

மேஸ்திரி கட்டிய கயிறு

விஸ்வநத்தத்தில் இந்த வீட்டைக் கட்டும்போது ஊரில் டைல்ஸ் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அச்சாபீசில் மிஷின் ஓட்டினவர், சாது. “டைல்ஸே போட்டுருவோம் பேச்சி. ஒரே நாள்ல முடிஞ்சிரும். காலையில ஒட்டுனா சாயங்காலம் நடக்கலாம்” என்றார்.

நான் கேட்கவில்லை. அவர் பேச்சைக் கேட்டிருந்தால் ஈரத்தரை இல்லை. ஈரத்தரை இல்லாவிட்டால் தடம் இல்லை. தடம் இல்லாவிட்டால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இந்தக் கணக்கை எத்தனை தரம் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மொசைக் போட வந்தவர் தங்கையா மேஸ்திரி. கண்ணாடிப் பட்டையை நட்டு ஹாலைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். வெள்ளைச் சிமெண்டில் பச்சைப் பொடியைக் கலந்து, கறுப்பும் வெள்ளையுமாகக் கல் சில்லைக் கொட்டிக் குழைத்துப் பரப்பினார். உருளையை உருட்டி, கரண்டியால் தேய்த்து, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வந்து சேர்ந்தார். பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. சேறு மாதிரிதான் இருக்கும். இறுகி, ஒரு வாரம் தண்ணீரில் ஊறி, பிறகு மிஷின் வைத்துத் தேய்த்தால்தான் உள்ளே இருக்கிற கல் முகம் காட்டும்.

முடித்துவிட்டு வாசலிலும் அடுப்படி வழியிலும் இடுப்பு உயரத்துக்குக் கயிறு கட்டினார்.

“தாயி, நாளைக் காலையில நான் வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு கோழி கூட நடக்கப்பிடாது. இப்ப மிதிச்சா சந்தனத்துல கை வச்ச மாதிரி பதிஞ்சிரும். ராத்திரியில இறுகிட்டா அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

அப்போது மணி மூன்று இருக்கும். அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நானும் கம்பெனியில் சொல்லிவிட்டு ஓடி வந்தவள், திரும்ப ஓடினேன். போகும்போது கயிற்றை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

சத்தத்துக்கு எதிர்ப்பக்கம்

மாரி என்னைவிட ஐந்து வயசு இளையவள். அவள் வீட்டுக்காரன் லாரிக்குப் போகிறவன், மாசத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டான். அவள் ஊருக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற ரூமில் வேலை பார்த்தாள். காலையில் வேன் வந்து ஏற்றிப் போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். இறங்கி வருகிற பெண்களின் கையும் காலும் அலுமினியப் பொடியில் வெள்ளியாக மின்னும். எத்தனை சோப்பு போட்டாலும் கால் விரல் இடுக்கில் கொஞ்சம் தங்கிவிடும். மாரி கால் நீட்டிப் படுத்தால் நான் கேலி செய்வேன். “கொலுசு போட வக்கில்லைன்னு பொடியைப் பூசிக்கிட்டியா?” என்பேன்.

அந்த வேலைக்கென்று சில பழக்கம் உண்டு. வளையலும் மெட்டியும் கேட்டிலேயே கழற்றிவிட வேண்டும். ரூம் கதவு எப்போதும் திறந்தே இருக்கும், கதவைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. எங்கேயாவது சத்தம் கேட்டால் என்ன, ஏது என்று கேட்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, சத்தத்துக்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். நின்றால் போச்சு.

கொஞ்ச நாள் வேலை பார்த்தால் இது மூளையை விட்டுக் காலுக்கு இறங்கிவிடும். எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஒரு பெரிய மூடி கீழே விழுந்தால் போதும், பந்தியில் பாதிப் பெண்கள் எழுந்து வாசலில் நிற்பார்கள். பிறகு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டு இலைக்குத் திரும்புவார்கள். ஒரு தரம் சாத்தூர் பஸ்ஸில் டயர் வெடித்தது. கண்டக்டர் விசிலைத் தேடுவதற்குள் ஏழெட்டுப் பெண்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். அதில் மாரியும் ஒருத்தி. வீட்டுக்கு வந்து அதை அவளே நடித்துக் காட்டினாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வேனை விட்டு இறங்கினவள், பக்கத்து வீட்டில் விட்டிருந்த செல்வியைக் கூட்டிக்கொண்டு நேரே புது வீட்டுக்குப் போயிருக்கிறாள். புதுச் சுவருக்குத் தண்ணீர் விடுவது அவள் வேலை. நான் சொல்லவில்லை, அவளாக எடுத்துக்கொண்டது. பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் போய், தண்ணீர் விட்டு முடித்து, பிள்ளைக்கு பன் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பின்சந்தில் மணல் லோடு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அதன் டயர் வெடித்தது.

மாரி பிள்ளையை அள்ளி இடுப்பில் வைத்தாள். சத்தம் பின்பக்கம். அதனால் முன்பக்கம் ஓடினாள், கயிற்றை அறுத்துக்கொண்டு, பச்சை ஈரத்தரை மேல்.

நான் சொன்னது

ஆறு மணிக்கு நான் வந்தபோது அவள் வாசலுக்கு வெளியே ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் செல்வி. கணுக்கால் வரைக்கும் பச்சைச் சிமெண்ட் காய்ந்து கிடந்தது. சிரிக்கவும் பார்த்தாள், அழவும் பார்த்தாள்.

“எக்கா, டயருக்கா. நான் என்னத்தையோ நினைச்சுட்டேன்.”

நான் அவளைத் தள்ளிவிட்டு உள்ளே பார்த்தேன். அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் ஆறு தடம். குழிகளுக்குள் அவள் கால் பொடி ஒட்டி மினுமினுத்தது. வாசலுக்குப் பக்கத்துத் தடத்தைக் கையால் தடவி மூடப் பார்த்திருக்கிறாள். அது இன்னும் கெட்டுப்போய் நாலு விரலும் பதிந்திருந்தது.

சின்ன வயசிலிருந்து சேர்த்துவைத்த ஆசை எனக்கு. வயிறு எரிந்தது. இப்போது நினைத்தால் அதே வயிறு வேறு மாதிரி எரிகிறது.

அன்றைக்கு நான் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிடுகிறேன். வேறு யாருடைய பேச்சையும் இவ்வளவு சுத்தமாக என்னால் நினைவு வைத்துக்கொள்ள முடிந்ததில்லை.

“மாட்டுக்குக் கூடக் கயிறு கட்டியிருந்தா நிக்கத் தெரியும். உனக்குத் தெரியாதா? எதுக்கெடுத்தாலும் ஓட்டம், என்னத்தைக் கண்டாலும் ஓட்டம். கண்ணு அவிஞ்சா போச்சு? சத்தம் கேட்டா ஒரு நிமிசம் நின்னு, எங்கன, என்னன்னு திரும்பிப் பார்த்துட்டுக் காலை எடுத்து வச்சா என்ன கொள்ளை போகுது?”

ரோட்டில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். அத்தோடு விட்டேனா? பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்டேன். “சொல்லு. இனிமே சத்தம் கேட்டா என்ன செய்வ?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நின்னு பார்க்கேங்க்கா.”

செல்வி விரலைச் சூப்பிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தெரியலைல்ல?

மறுநாள் தங்கையா மேஸ்திரி வந்து பார்த்தார். திட்டவில்லை. குனிந்து ஒரு தடத்தை விரலால் அளந்தார்.

“ஓடுன கால். என்ன செய்ய, நிரப்பித்தான் விடணும். நேத்துக் கலந்த பச்சை தீந்துபோச்சு, இன்னைக்குக் கலக்குறது அதே நிறம் வராது தாயி. ஒட்டு தெரியத்தான் செய்யும்.”

நிரப்பினார். பொடி ஒட்டியிருந்த குழி மேலேயே சாந்தைப் போட்டு அமுக்கினார். ஒரு வாரம் தரையில் தண்ணீர் கட்டி ஊற வைத்தோம். அந்த ஒரு வாரமும் நான் மாரியோடு பேசவில்லை. அவள் வந்து தினமும் சுவருக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் போனாள்.

மிஷின் வைத்துத் தேய்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீடு முழுக்க இரைச்சல், தரை முழுக்கப் பச்சைக் கஞ்சி மாதிரி அரைத்த சாந்து. மாரிக்கு அன்று லீவு. யாரும் கூப்பிடாமலே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சாந்தை வழித்துத் தள்ளினாள். கஞ்சி விலக விலக உள்ளேயிருந்து கறுப்பும் வெள்ளையுமாகக் கல் எழுந்து வந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. குத்தவைத்து உட்கார்ந்து ஒட்டு ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

“எக்கா, தெரியலைல்ல?”

“தெரியுது” என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

தெரியவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வராதா? அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேலாகச் சொன்னேனே. அன்றைக்கு ஒன்றே ஒன்று சொல்ல நா எழவில்லை. அவளிடம் நான் கடைசியாகப் பேசினது அந்த ஒரு சொல்தான்.

ராக்கம்மா பார்த்தது

அதே வாரத்தில் ஒரு நாள், காலை டீ முடிந்து கொஞ்ச நேரத்தில், எங்கள் கம்பெனி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. பைண்டிங் மேசையில் இருந்த அத்தனை பெண்களும் கையை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் ஒவ்வொருத்தியும் மனசுக்குள் தன் வீட்டு ஆட்கள் எந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று எண்ணுவாள். நானும் எண்ணினேன். எனக்கு ஒரே ஒருத்திதான்.

ஆஸ்பத்திரியில் பார்த்ததை எழுத மாட்டேன். அது அவளுக்கும் எனக்கும் உள்ளது.

அவளோடு ஒரே ரூமில் வேலை பார்த்த ராக்கம்மா கையில் கட்டோடு படுத்திருந்தாள். அவள்தான் சொன்னாள். முதல் சத்தம் பக்கத்து ரூமில். அது சின்னதுதான். எல்லோரும் எழுந்து ஓடிவிட்டார்கள். “மாரிதாங்க்கா கதவுக்குப் பக்கத்துல இருந்தா. முதல்ல வெளிய போயிருக்க வேண்டியவ அவதான். வாசப்படியில நின்னுட்டாக்கா. நின்னு, திரும்பி, ‘எங்கன?’ன்னு கேட்டா. நான் அவளை இடிச்சுக்கிட்டு வெளிய வந்துட்டேன். அப்பத்தான் ரெண்டாவது.”

எங்கன என்பது என் சொல். அந்தச் சொல்லை அவள் காதில் வைத்துத் திணித்தவள் நான்.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். “வேற யாரையாச்சும் பார்க்கக்கூட நின்னிருக்கலாம் பேச்சி. அந்த நேரத்துல யாருக்கு என்ன தோணும்னு யார் கண்டா?” என்றார். சாகிற வரைக்கும் அதையே சொன்னார். ராக்கம்மாவோ, தன்னைக் காணோமே என்றுதான் மாரி திரும்பினாள் என்று இன்றைக்கும் அழுகிறாள். அவளிடம் என் கதையைச் சொன்னால் அவள் பாரம் இறங்கும். அதைக்கூட நான் செய்யவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, நஷ்டஈட்டு மனு விஷயமாகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். மாரி வீட்டுக்காரன் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு லாரியேறிப் போனவன், பிறகு வேறு இடத்தில் குடும்பமாகிவிட்டான். செல்வியை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஆபீஸ் வராந்தாவில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். குனிந்து பார்த்தால் கீழேயும் மொசைக். செல்வி இறங்கி, நகத்தால் ஒரு கல்லைத் தோண்டிப் பார்த்தாள். வரவில்லை. அலுத்துப்போய் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, வீட்டுக்குப் போவோம்.”

அதுவரைக்கும் என்னை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. நாள் முழுக்கப் பிழை திருத்துகிறவள், அதைத் திருத்தாமல் விட்டேன். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

பாண்டி

செல்விக்குத் தன் தாய் யார் என்பது தெரியும். மறைக்கவில்லை. சுவரில் படம் இருக்கிறது, அவள் ‘போட்டோ அம்மா’. நான் அம்மா. கம்பெனியில் வெடித்ததில் செத்துப்போனாள் என்பதும் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

ஆறு ஏழு வயசில் அந்த வெளிறின ஒட்டுகளை வைத்துப் பாண்டி விளையாடுவாள். அடுப்படியிலிருந்து ஒற்றைக் காலில் தாவித் தாவி ஒவ்வொரு ஒட்டாக மிதித்து வாசல் வரைக்கும் போவாள். “அம்மா, பாரு, தப்பாமப் போறேன்” என்பாள். நான் அடுப்பில் ஏதோ கருகுகிற மாதிரி உள்ளே போய்விடுவேன்.

“இது ஏம்மா வேற கலர்ல இருக்கு?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“மேஸ்திரி வேலை சரியில்லை” என்றேன்.

பாவம் தங்கையா மேஸ்திரி. அந்த வட்டாரத்தில் அவர் போட்ட தரைகள் இன்னும் கண்ணாடியாகக் கிடக்கின்றன. என் வீட்டில் மட்டும் அவருக்குக் கெட்ட பெயர்.

மறுபடியும் திங்கட்கிழமை

“அப்படியாம்மா?” என்று செல்வி கேட்டுக்கொண்டு நின்றாள். காபி ஆறிவிட்டது.

மேஸ்திரி சரியில்லை என்று மறுபடியும் சொல்லியிருக்கலாம். டைல்ஸ்காரர் வியாழக்கிழமை வந்து மேலேயே ஒட்டிவிட்டுப் போயிருப்பார். தண்ணீர் ஊற்றினாலும் பிறகு ஒன்றும் தெரியாது. வைகாசியில் செல்வி தாலி கட்டிக்கொண்டு போவாள், கடைசி வரைக்கும் என்னை அம்மா என்பாள். எல்லாம் என் வாய்க்குள் இருந்தது.

டைல்ஸ்காரரை அனுப்பிவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். இன்னொரு செம்பு தண்ணீரை நானே ஊற்றித் துடைத்தேன். தரை காய்ந்தது. ஆறும் ஈரமாக எழுந்து நின்றன.

“உங்க அம்மா கால்” என்றேன்.

டயர் வெடித்ததைச் சொன்னேன், கயிறு அறுந்ததைச் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தடத்தின் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தாள். மிதிக்கவில்லை, பக்கத்தில்தான் வைத்தாள்.

“சின்னக் காலு” என்றாள்.

“இந்த மூணும் இடது கால். வலதை விடப் பெரிசா இருக்கு பாரு. உன்னை இடது இடுப்புல வச்சிருந்தா. உன் பாரமும் சேர்ந்து அமுக்கிருச்சு.”

“நானும் இருக்கேனா இதுல?”

“இருக்க.”

குத்தவைத்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அப்படியே மாரியின் சிரிப்பு. அத்தோடு நிறுத்தியிருந்தால் அந்தச் சிரிப்பு என் வீட்டில் இருந்திருக்கும். ஆனால் அவள் கேட்டுவிட்டாள்.

“ஒரு டயர் சத்தத்துக்கு இங்கன இம்புட்டு வேகமா ஓடியிருக்காக. அங்கன ஏன் ஓடலை?”

சொன்னேன். மாட்டையும் கயிற்றையும் சொன்னேன். நின்னு பார்க்கேங்க்கா என்று அவளை நான் சொல்ல வைத்ததையும், ராக்கம்மா பார்த்ததையும், தெரியுது என்று நான் சொன்னதையும் சொன்னேன். வீட்டுக்காரர் சொன்ன ஆறுதலை மட்டும் சொல்லவில்லை. அது எனக்காக அவர் சொன்னது. அதை அவளிடம் நீட்டி மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

செல்வி அழவில்லை. ஏன் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து துணியை எடுத்து, தரையில் மிச்சமிருந்த தண்ணீரைத் துடைத்தாள். ஒவ்வொரு தடத்தையும் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“அண்ணே, ரூமுக்கும் அடுப்படிக்கும் மட்டும் போட்டா போதும். ஹாலை விட்டுருங்க.” எதிர்முனையில் அவர் ஏதோ கேட்டார். “இல்லண்ணே. ஹால் அப்படியே கிடக்கட்டும்” என்றாள்.

அடுப்படிக்குள் போய்விட்டாள். குக்கர் ஏற்றுகிற சத்தம் கேட்டது, அரிவாள்மணையில் காய் நறுக்குகிற சத்தம் கேட்டது. நான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். விசில் வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மருந்து ரூமில் ஒரு நாள் கூட வேலை பார்த்தவள் இல்லை.

சோறு ஆனதும் தினமும் அவள் அங்கிருந்தே குரல் கொடுப்பாள். “அம்மா, சாப்பிட வா” என்பாள். பேச்சு வந்த வயசிலிருந்து என்னை அவள் வா, போ என்றுதான் பேசுவாள். வெளியாட்கள் இருந்தால்கூட மாற்ற மாட்டாள்.

அன்றைக்குக் குரல் வரவில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் தட்டு இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“பெரியம்மா, சாப்பிட வாங்க.”

ஆயுசெல்லாம் அடுத்தவர் எழுத்தில் பிழை பார்த்தவள் நான். அதில் திருத்த ஒன்றும் இல்லை. முறைப்படி அதுதான் சரி. எழுந்து, சுவரோரமாகவே நடந்து, அடுப்படிக்குப் போனேன்.